வண்டி உன் வாசலுக்கு வரட்டும்

பூலுவப்பட்டி,
29.05.2021

அன்புள்ள கண்ணு,

 

நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: வராதே. சாயிபாபா காலனியிலிருந்து ஸ்கூட்டியை எடுத்து, பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாக இங்கே வந்து, தோட்டத்திலேயே காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தெருவில் வரும் வண்டியில் பாதிக் காய் வதங்கியிருக்கிறது, விலையும் கூட, அந்தக் காசு நேராக விவசாயி கைக்குப் போகட்டுமே என்றும் எழுதியிருக்கிறாய். நினைப்பில் குற்றமே இல்லை. ஆனால் நீ வருவதால் அந்த விவசாயிக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா? உழவர் சந்தையில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன்.

சட்டத்தை விரைவாக முடித்துவிடலாம். 24-ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு. காய்கறிக் கடை கிடையாது. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து அனுப்பும் வண்டிகளில்தான் காயும் பழமும். நேற்று அதை ஜூன் 7 காலை வரை நீட்டிவிட்டார்கள். 17-ஆம் தேதி வந்த இ-பதிவில் மருத்துவம், நெருங்கிய உறவில் சாவு, முதியோர் பராமரிப்பு என்று காரணங்கள் இருக்கின்றன, தக்காளி இல்லை. "சாப்பாடு அத்தியாவசியம்தானே சார்" என்று பேரூரில் மறிக்கும் போலீஸ்காரரிடம் நீ வாதாடலாம். சாப்பாடு அத்தியாவசியம்தான் பாப்பா, உன் பயணமும் அத்தியாவசியமா என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வாய்? அதற்குமேல் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஊரடங்கு முடியும்வரை நடைதான்.

கொரோனா நோயைப் பற்றியும் நிறையச் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம் தினசரித் தொற்றில் நம் கோவை சென்னையையே முந்திவிட்டது. நகரத்திலிருந்து கிராமத்துக்கு நோய் பஸ் ஏறி வருவதில்லை, மனிதர் மேலேறித்தான் வருகிறது. உனக்கு இருபத்து நான்கு வயது. வந்த அடையாளமே தெரியாமல் வந்து போய்விடலாம். மேற்குத் தோட்டத்து அண்ணன் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆத்தா ஒருத்தி திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். யார் வந்தாலும் கையைப் பிடித்துத்தான் பேசுவாள். "வேண்டாம் ஆத்தா" என்று உன்னால் கையை இழுத்துக்கொள்ள முடியாது, எனக்குத் தெரியும்.

இனி தோட்டத்துக் கணக்கு. நீ நேரில் பார்த்திராத பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேற்குத் தோட்டத்தில் இப்போது அரை ஏக்கர் வெண்டை காய்ப்பில் நிற்கிறது. நட்டு நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் முதல் பறிப்பு. அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் காய் முற்றி நாராகிவிடும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுப் பூவும் குறையும். விற்றாலும் விற்காவிட்டாலும் பறிப்புக் கூலி உண்டு. பறிக்கிற பெண்கள் விடிவதற்குள் வந்துவிடுவார்கள். வெண்டையின் சுணை கையில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும், அதனால் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, வரிசை வரிசையாகக் கிள்ளிக்கொண்டு போவார்கள். ஏழு மணிக்குள் சாக்கு நிரம்பி, எட்டு மணிக்குள் வண்டி ஏறினால்தான் காய் காயாக இருக்கும். வெயில் ஏறினால் சுருங்க ஆரம்பித்துவிடும்.

நீ அங்கே எத்தனை மணிக்கு வந்து சேருவாய்? உன் அம்மா சொல்வதை வைத்துப் பார்த்தால் பத்தரைக்கு. அரை கிலோ வெண்டை, ஒரு கிலோ தக்காளி, ஒரு கட்டு சிறுகீரை, முடிந்தால் கொஞ்சம் சின்ன வெங்காயம். அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து தராசைத் தேடி, பட்டறையில் பாதுகாத்து வைத்திருக்கும் வெங்காயத்தைக் கலைத்து, அரை கிலோ நிறுத்து, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல் வீட்டுக்குள் போய்த் தேடி, மோர் குடிக்கச் சொல்லி உன்னை அனுப்பி வைப்பார். மோர் குடிக்கச் சொல்லாமல் அனுப்பவே மாட்டார். அரை மணி நேரம் போயிருக்கும். வந்த காசு நூறோ நூற்றைம்பதோ. உன்னைப் பார்த்துவிட்டு உன் அபார்ட்மெண்டில் இன்னும் பத்துப் பேர் தனித்தனியாகப் புறப்பட்டால்? அவர் விற்பது பெட்டிக்கணக்கில். தக்காளி ஒரு பெட்டி 14 கிலோ, வெண்டை சாக்குக்கணக்கு. கிலோக்கணக்கில் தோட்டத்திலேயே நிறுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் மறுநாள் பறிப்புக்குத் தண்ணீர் கட்ட ஆள் இருக்காது.

சாப்பிட ஆளில்லாமல் அவர் தவிக்கிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். சாப்பிடும் வாய் எங்கும் குறையவில்லை. காய் அந்த வாய் வரைக்கும் போகிற வழிகள்தான் ஒவ்வொன்றாக அறுந்துபோயின. ஓட்டல்களில் பார்சல் மட்டும், அதுவும் குறைச்சல். வைகாசி முகூர்த்தத்துக்கென்று விட்டிருந்த வாழையிலையும் பந்திக் காய்கறியும் கேட்பாரில்லை. கேரளாவிலும் 8-ஆம் தேதியிலிருந்து ஊரடங்கு, பாலக்காட்டுக்கு ஏறும் லோடு பாதியாகிவிட்டது. பறிக்க வரும் பெண்கள் நான்கு ஊர் தள்ளி இருப்பவர்கள்; டவுன் பஸ் ஓடவில்லை, டெம்போவில் பத்துப் பேரை ஏற்றினால் மறிக்கிறார்கள். இதில் எதையும் உன் ஸ்கூட்டி ஒட்டவைக்காது.

போன வருஷம் நடந்ததை நினைத்துப் பார். 2020 மார்ச் 24 அன்று நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்த ஆணையில் மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மீன் விற்கும் கடைகளுக்கு விலக்கு முதல் நாளே இருந்தது. வயலில் வேலை செய்கிறவர்களுக்கும், கொள்முதல் செய்கிறவர்களுக்கும், மண்டிகளுக்கும், அறுவடை இயந்திரம் ஊர்விட்டு ஊர் போவதற்கும் விலக்கு என்று எழுதிச் சேர்த்தது மார்ச் 27-இல்தான். கடை திறந்திருக்கலாம், ஆனால் கடைக்குக் காய் அனுப்புகிறவன் வீட்டில் இருக்க வேண்டும் என்று மூன்று நாள் ஒரு நாடே நடந்துகொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாப்பிடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள், அவ்வளவுதான். நீயும் இப்போது அதே பக்கத்தில் உட்கார்ந்துதான் யோசிக்கிறாய்.

சென்னைக் கோயம்பேடு சந்தை இன்னும் பெரிய பாடம். ஏப்ரல் 24 அன்று, 26-ஆம் தேதியிலிருந்து சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. மொத்த வியாபாரத்துக்கென்று 1996-இல் திறந்த அந்தச் சந்தைக்குள் அன்றைக்கு ஊரே கூடிவிட்டது. அரை கிலோ காய்க்கு வந்தவர்களும் லாரியோடு வந்தவர்களும் ஒரே நடைபாதையில். மே 5-இல் சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கிருந்து ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூலமாக அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை தொற்று போய்விட்டது. மே 10 வாக்கில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம் மறுபடி தொடங்கியது செப்டம்பர் கடைசியில். பழி முழுவதும் மூட்டை தூக்கியவர்கள் தலையில் விழுந்தது. எனக்கு இன்றுவரை அதில் கோபம் உண்டு. வேலைக்கு வந்தவன் வேலையைத்தான் செய்தான். ஒருநாள் இடைவெளி கொடுத்து அறிவித்தவர்களையும், எனக்கு மட்டும் நாலு கிலோ என்று ஓடியவர்களையும் யாரும் கேட்கவில்லை. இந்த மாதமும் 22, 23 தேதிகளில் கடை திறக்க விட்டபோது கிட்டத்தட்ட அதே கூத்துதான். பல ஊர்களில் விலை மடங்கு மடங்காக ஏறியது. முந்தின நாளே பறித்துப் போட்டவனுக்கு அந்த விலையில் பத்துப் பைசா சேரவில்லை.

நடுவில் ஒரு விஷயம். கடைக்காரரையும் மண்டிக்காரரையும் கொள்ளைக்காரர் மாதிரி எழுதியிருக்கிறாய். உழவர் சந்தையில் வேலை பார்த்தவனே அவர்களுக்காகப் பேசுவது வேடிக்கைதான். ஆனாலும் விதைக்கும் உரத்துக்கும் கையில் காசில்லாத மாதத்தில் முன்பணம் கொடுக்கிறவர் பல நேரம் அந்த மண்டிக்காரர்தான். விற்காமல் அழுகியதை வண்டிக்காரர்தான் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். உன் தெருமுனையில் தள்ளுவண்டி போடும் அக்கா காலை மூன்று மணிக்கு எழுந்து மேட்டுப்பாளையம் ரோட்டு மொத்தச் சந்தைக்குப் போய் வருவதற்குத்தான் அந்த ஐந்து பத்து ரூபாய். நேரடியாக வாங்குகிறேன் என்றால் அந்த மூன்று மணி வேலையை இனி யாராவது செய்ய வேண்டும். செய்யத் தயாரா என்பதுதான் கேள்வி.

உழவர் சந்தை ஏன் நிலைத்து நின்றது தெரியுமா? 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்தபோது, நகரத்துக்காரர்களைத் தோட்டத்துக்கு அனுப்ப யாரும் நினைக்கவில்லை. விவசாயிக்குப் புகைப்பட அட்டை கொடுத்தார்கள், மூட்டைக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை, கடைக்கு வாடகையில்லை, தராசும் சந்தையே கொடுத்தது. விடியற்காலையில் எங்கள் ஆள் ஒருவர் மொத்தச் சந்தைக்குப் போய் அன்றைய விலையை எடுத்து வருவார். மொத்த விலைக்குமேல் ஏறக்குறைய 20 சதவீதம், வெளிக்கடை விலையைவிட 15 சதவீதம் வாக்கில் குறைவு என்று பலகையில் எழுதுவோம். ஒரு விவசாயி, ஒரு மூட்டை, ஒரு பயணம். அதை வாங்க அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர் நடந்தே வருவார். விளைவித்தவர் ஒருமுறை நகர்ந்தால் ஐம்பது வீடு நகராமல் இருக்கலாம். ஊரடங்குக்காகச் செய்த திட்டம் இல்லை அது, ஆனால் ஊரடங்குக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பால்காரரைப் பார். உன் வாசலுக்குத் தினமும் பால் வருகிறது. ஊரடங்கு வந்ததும் மாட்டைத் தேடி நீ ஓடவில்லையே.

ஆக, நீ செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பில் நாற்பது வீடாவது இருக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பேசி, ஒரு வாட்ஸ்அப் குழு போடு. அரசியல் பேசுகிறவர்களை அதில் சேர்க்காதே, முதல் நாளே கீரை விலையிலிருந்து தேர்தலுக்குப் போய்விடுவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் யார் யாருக்கு எவ்வளவு என்று கூட்டி, பெட்டிக்கணக்காக மாற்றி எனக்கு அனுப்பு. ஆறு மணிக்குமேல் வருகிற ஆர்டரைச் சேர்க்காதே. அண்ணனுக்கு எட்டு மணிக்கெல்லாம் படுக்கை. வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்கும் வேலை என்னுடையது. தோட்டக்கலை உதவி அலுவலரிடம் பேசிவிட்டேன், விவசாயியே தன் வண்டியில் கொண்டுபோய் விற்க அனுமதி தருகிறார்கள், கண்ணாடியில் ஒட்ட வேண்டும். மேற்குத் தோட்டமும், பக்கத்தில் கீரை போடுகிறவரும், சின்ன வெங்காயம் பட்டறை போட்டிருக்கும் இன்னொருவரும் சேர்ந்து ஒரே வண்டி.

நீங்கள் கேட்கிற பட்டியல்படி எல்லாம் வராது. பீன்ஸும் கேரட்டும் மலையிலிருந்து வர வேண்டும், இந்தத் தோட்டங்களில் கிடையாது. உருளைக்கிழங்கைக் கேட்கவே கேட்காதே. வெண்டை, தக்காளி, கத்தரி, சுரை, முருங்கை, கீரை, சின்ன வெங்காயம், தேங்காய், இவ்வளவுதான். எது அன்றைக்குப் பறிப்பில் இருக்கிறதோ அது. 2020-லேயே பல மாவட்டங்களில் 100 ரூபாய்க் காய்கறிப் பை என்று கட்டிக் கொடுத்தார்கள். அந்த மாதிரிப் பையாக வாங்கிக்கொண்டால் நிறுக்கும் நேரம் மிச்சம், கூட்டமும் சேராது. தக்காளி மொத்தமும் கெட்டியாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதே. தூரம் போகிற லோடுக்குத்தான் செங்காயாகப் பறிப்பார்கள். உங்களுக்கு மறுநாளே வந்துவிடும் என்பதால் செடியில் பழுத்ததையே தரலாம். பழத்தை அன்றைக்கே ரசத்துக்கும் தொக்குக்கும் எடுத்துக்கொண்டு, செங்காயை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். கத்தரியில் ஒன்றிரண்டு சொத்தை இருக்கும், வெட்டி எறிந்துவிட்டுச் சமை.

விலைக்கு என் பழைய கணக்கையே வைத்துக்கொள்ளலாம்: அன்றைய மொத்த விலைக்குமேல் ஐந்தில் ஒரு பங்கு. டீசல் தனியாக, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுகிறவர்கள் நாற்பது வீட்டில் நாலு வீடாவது இருக்கும். அவர்களிடம் நீ பேசு, அண்ணனிடம் விடாதே. அவருக்குப் பேரம் பேச வராது, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருப்பார். காசை ஜீபேயில் சங்கத்துக்கு வாங்கி ஒரே தொகையாக அனுப்பிவிடு. வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். பையை இறக்கி வைத்துவிட்டு அவர் நகர்ந்தபிறகு மூன்று நான்கு பேராக வந்து எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கேட்டருகே வைத்துவிடு. வழியில் டீக்கடைகூட இல்லாமல் இருபது கிலோமீட்டர் வருகிறார்கள்.

யாருமே தோட்டத்துக்குப் போகக்கூடாதா என்றால், அப்படியும் இல்லை. உன் தோழி ஒருத்தி வடவள்ளியைத் தாண்டிக் குடியிருக்கிறாள் என்றாயே, அவள் வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம் என்றால் நடந்துபோய் வாங்கிக்கொள்ளட்டும். போன ஜூனில் சென்னையில் இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துபோய் வாங்கு, வண்டி எடுக்காதே என்று வைத்திருந்தார்களே, அது நியாயமான அளவு. வீட்டுக்குள் போகாமல் வரப்பிலேயே நிற்க வேண்டும், பையும் சில்லறையும் கொண்டுபோக வேண்டும், முகக்கவசம் மூக்குக்கு மேலே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும், மழுப்பாமல் பதில் எழுது. ஜூன் 7-க்குப் பிறகும் வாங்குவீர்களா? சிறுகீரை விதைத்து இருபத்தைந்து நாளில் வந்துவிடும். தக்காளியும் சின்ன வெங்காயமும் நட்டு எழுபது நாள். அரசாங்கம் வாரத்துக்கு வாரம் ஊரடங்கை நீட்டலாம், முடிக்கலாம். செடிக்கு அந்த வசதி இல்லை. போன வருஷம் இப்படித்தான் நகரத்திலிருந்து இரண்டு குடியிருப்புகள் வாங்கின. அதை நம்பிக் கீரைக்காரர் இன்னொரு பாத்தி சேர்த்துப் போட்டார். செப்டம்பர் 1-இல் இ-பாஸ் போய் பஸ் ஓட ஆரம்பித்ததும் இரண்டு குடியிருப்புகளிலும் ஃபோன் எடுப்பது நின்றுவிட்டது. கீரையை மாட்டுக்குப் போட்டார். உங்கள் குழுவில் கேட்டுப் பார். கடை திறந்ததும் நிறுத்திவிடுவோம் என்று சொன்னாலும் தப்பில்லை, இரண்டு வாரத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து வாங்குகிறவர்கள் பத்து வீடுதான் என்றால் பத்து என்றே எழுது. ஆடிப்பட்டத்துக்கு எவ்வளவு நாற்று விடுவது என்று அண்ணன் அடுத்த வாரம் முடிவு செய்ய வேண்டும், அந்த எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் வண்டிக்கு வரும் திங்கட்கிழமை மாலைக்குள் ஆர்டர் அனுப்பு.

உன் பெரியப்பா